வெள்ளையாய் நின்ற தண்ணீர்

லுக்குட் கடைத்தெருவில் மாலை நான்கு மணிக்கு நானும் மகள் செல்வியும் டாக்சி ஏறினோம். செம்பனைத் தோட்டம் ஏழு மைல். கட்டணம் ஆளுக்கு ஒரு வெள்ளி. அங்கே மாரியம்மன் கோயிலில் அன்று கரகம். பூசாரி என் மனைவியின் அண்ணன். அவருடைய கடைசிப் பெண்ணுக்கு அம்மை இறங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆற்றில் மொள்ளும் கரகத் தண்ணீரில் முதல் கை அவளுக்குக் குடிக்கக் கொடுப்பதாக வேண்டுதல்.

செல்வி காலேஜில் முதலாம் ஆண்டு, சுற்றுச்சூழல் பொறியியல். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரிந்தது இதுதான்: மீன் பிழைக்கத் தண்ணீருக்குள் காற்று கரைந்திருக்க வேண்டும், அதைப் பார்க்க இரண்டு மருந்து உண்டு. தெரிந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்து வரச் சொல்லியிருந்தார்களாம்.

"கண்ணாடிய ஏத்திக்குங்கண்ணே. மில்லு வந்ததுலேர்ந்து நாத்தம் தாங்கல லா" என்றார் டிரைவர். செம்பனைப் பழத்தில் எண்ணெய் பிழியும் ஆலையைச் சொன்னார்.

தோட்டத்தில் இறங்கியதும், மச்சானின் வரிசை வீடு இருந்த லயத்துக் குழாய்த் தண்ணீரைச் செல்வி முதலில் சோதித்தாள். தேயிலைச் சக்கை போலப் பழுப்பாகிவிட்டது. இவ்வளவு அழுக்கையா குடிக்கிறோம் என்று மச்சான் மனைவி முகம் சுளித்தார்.

ஆறு மணிக்கு மேளத்தோடு ஆற்றுக்குப் போனோம். செம்பனை மரங்களுக்கு அடியில் அதற்குள் இருட்டு. கரையில் மேளத்தை நிறுத்துவது வழக்கம். நிறுத்தினார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. தவளை இல்லை, பூச்சி இல்லை, காலைக் கடிக்க ஒரு கொசு இல்லை. தண்ணீரில் கால் வைத்தேன். ஆள் இப்போதுதான் எழுந்துபோன படுக்கை போல வெதுவெதுப்பாக இருந்தது.

"போன வருஷத்துலேர்ந்து இப்படித்தான் மாப்பிள. நாம எறங்குனா தவளகூட கத்தாது. ஆத்தா அடக்கி வெச்சிருக்கா" என்றார் மச்சான் மெதுவாக. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கும்பிட்டேன்.

செல்வி போத்தலில் ஆற்று நீரை நிரப்பி, மருந்து விட்டு, மூடிக் குலுக்கினாள். வெள்ளையாய்த் திரண்டது. யாரோ ஒரு பெண் "பாலு" என்றாள். குலவை கிளம்பியது. மச்சான் கண் கலங்கிவிட்டார். சிலர் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார்கள்.

செல்வி என்னிடம் வந்தாள்.

"ப்பா, காத்து இருந்தா கொழாத் தண்ணி மாதிரி பழுப்பாகும். வெள்ளையா நின்னா ஒன்னுமே இல்லன்னு அர்த்தம். மில்லு கழிவு எறங்கியிருக்கு. பாப்பாவுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லுங்கப்பா."

அத்தனை பேர் பக்திக்கு நடுவே அதை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். மச்சான் மொண்ட குடத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா காட்டுன பால விஷங்கிறியா?"

"புள்ள இப்பதான் எந்திரிச்சு நடக்குது, மச்சான்" என்றேன்.

மச்சான் குடத்தை ஆற்றிலேயே சாய்த்தார். "குழாயடிக்கு வாங்க. ஆத்தா அங்கயும் வருவா." குலவையிட்ட பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. குழாய்த் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் இட்டுப் பூசை செய்தார். குழந்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தது.

திரும்பும்போது பலகைப் பாலத்தில் டாக்சி மெதுவாய் ஏறியது. எப்போதும் அங்கே ஆற்றைப் பார்த்து, 'போயிட்டு வர்றேன் ஆத்தா' என்பேன். கை குவிந்தது; சொல்ல வாய் வரவில்லை. இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.