அரைப் பக்க மனு

சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு இருபத்தாறு வருடமாக மனு அடித்துக் கொடுப்பவளை எல்லோரும் டைப் அக்கா என்பார்கள். சொந்தப் பெயரை வங்கிக்காரர்கள் மட்டும் அறிவார்கள். தையற்காரர் கெடுத்த கோட்டு, வாங்கிய மறுநாளே நின்றுபோன சலவை இயந்திரம் என்று வக்கீல் வைக்க வசதியில்லாத வழக்கெல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகும். வந்தவர்கள் ஆதியோடந்தமாகத் தொடங்குவார்கள். அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. என்ன நடந்தது, எந்தத் தேதி, எவ்வளவு நஷ்டம், ரசீது எங்கே, அவ்வளவுதான். கண்ணீருக்கு மனுவில் கட்டம் இல்லை என்பாள். அவள் அடித்த மனு திருப்பி அனுப்பப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது.

போன மழைக்காலத்தில் அவள் வீட்டுக் கூரைப் பூச்சு பெயர்ந்து இடுப்பில் விழுந்தது. மாடி வீட்டுக்காரரின் குளியலறைக் கசிவு. மூன்று முறை சொல்லியும் அந்த மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளால் எழ முடியவில்லை. போன் அடுத்த அறையில். இரண்டு நாள் தரையில் கிடந்தாள். யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல், "யாராவது, யாராவது" என்று கூப்பிட்டாள். மூன்றாம் நாள் தண்ணீர் கேன் போடுபவர் வந்துதான் கதவை உடைத்தார். நீதிமன்ற வாசலில் எல்லோரும் அவள் லீவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பு தேறிவிட்டது. அந்த இரண்டு நாள்தான் தேறவில்லை. பணம் அவளுக்குப் பெரிதல்ல. மாடிக்காரர் எதிரே நிற்க, நீதிபதி கேட்க, அதை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காது கொடுத்துக் கேட்டே தீர வேண்டிய ஆள் உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது நீதிபதிதானே. அதற்காகத்தான் வழக்கே.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினாள். பதினைந்து நாள் காத்திருந்தாள். பதில் வராததால் மனு மூன்று பிரதி, கூரையின் படங்கள், மருத்துவ ரசீதுகள் எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்தாள். கைப்பழக்கம் யாரை விட்டது? அரைப் பக்கத்தில் மனு முடிந்துவிட்டது. கசிவு, தேதி, காயம், தொகை. மற்றதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். எந்த இடத்தில் குரல் உடைகிறது என்பதுகூட அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

விசாரணை அன்று மாடிக்காரர் வரவில்லை. சம்மன் வாங்கிக்கொண்ட கையெழுத்து மட்டும் வழக்குக் கட்டில் இருந்தது. நீதிபதி மனுவைப் படித்தார், படங்களைப் புரட்டினார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"எல்லா மனுவும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா. உங்ககிட்ட கேக்க ஒண்ணுமே இல்ல. கேட்ட தொகை முழுசும் குடுக்கச் சொல்லி உத்தரவு."

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா நகரவில்லை.

"ஐயா, நான் ரெண்டு நாள் தரையில கிடந்தேன். யாருமே வரல."

நீதிபதி அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துவிட்டிருந்தார். பக்கத்திலிருந்த குமாஸ்தாதான் நிமிர்ந்து பார்த்தார். பல வருடப் பழக்கம், நல்ல மனிதர். மனுவை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்தார்.

"அது இதுல இல்லையேக்கா" என்று மெதுவாகச் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.