ஸ்கேல் வாங்கிய மேஜை

செய்தித்தாள் வந்ததும் அவர் அதைப் படிப்பதில்லை. தரையில் நிறுத்தி நான்கு பக்கமும் தட்டித் தட்டிச் சமன்படுத்துகிறார். இணைப்பிதழ் ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போச்சு, எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்து வருகிறார். வெட்டுவதில் ஒரு மந்திரியின் காது போனாலும் அவருக்குக் கவலையில்லை. ஓரம் நேரான பிறகுதான் தலைப்புச் செய்தி.

அச்சகத்தில் முப்பத்தோரு வருடமாகக் காகிதம் வெட்டும் மெஷினில் நிற்பவர் வேறு எப்படி இருப்பார்? அங்கே அவருக்குப் பெயர் ஸ்கேல். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உண்டு. கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். காதில் எப்போதும் ஒரு பென்சில். கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், காலண்டர், நோட்டீஸ் எல்லாம் அவர் கையால் ஓரம் இழந்துதான் ஊருக்குள் போகும். “மெஷின் வெட்டுது, நான் சும்மா தள்ளிவிடறேன், அவ்வளவுதான்” என்பார் அடக்கமாக. பிறகு மனசு கேட்காமல், “ஆனா தள்ளறதுல ஒரு இது இருக்கு” என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். ரொட்டித் துண்டின் நான்கு ஓரத்தையும் நறுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார். நறுக்கியதை ஒரே நீளத்தில் அடுக்கி மனைவியிடம் நீட்டுவார். அந்தப் பெண்மணி இருபத்தாறு வருடமாக ரொட்டி ஓரம் சாப்பிட்டு வருகிறாள்.

இப்படிப்பட்ட மனிதர் ஓரமே வெட்டாத ஒரு பலகைமேல் ஆசைப்பட்டார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் ஆசைப்பட்டார், அதுவும் தலைகால் தெரியாமல். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு சதுர மேஜை சொல்லிவிட்டு வரத்தான் மரப்பட்டறைக்குப் போனார். சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏழடிப் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மரம் எப்படி வளர்ந்ததோ அப்படியே இருந்தது அதன் ஓரம். ஓரிடத்தில் உள்ளே போயிற்று, ஓரிடத்தில் வெளியே வந்தது, ஓரிடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நெளிந்தது. பட்டறை நடத்தும் அம்மா மரத்தூளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“இது லைவ் எட்ஜ் சார். பட்டையை மட்டும் உரிப்போம். ஓரத்துல கை வைக்க மாட்டோம். பாலிஷ் போட்டு, கால் மாட்டிக் கொடுத்துடுவோம்.”

“ஓரத்தை வெட்டவே மாட்டீங்களா?”

“மாட்டோம் சார்.”

“ஒரு நூல்கூட?”

“ஒரு நூல்கூட.”

ஸ்கேல் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது மனைவி கேட்டது ஒரே கேள்வி. “என்ன மரம்?”

“தூங்குமூஞ்சி.”

“வீட்டுல ஒண்ணு இருக்கறது போதாதா?”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாளே டேப்போடு போய் அகலத்தை அளந்தார். முப்பது அங்குலம். கூடத்தில் சோபாவுக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவே அச்சில் வார்த்த மாதிரி உட்காரும். பட்டறை அம்மா, “சார், நீங்க இடுப்புல அளந்திருக்கீங்க. வயித்துப் பக்கமும் ஒரு தடவை அளந்துக்கோங்க” என்று இரண்டு முறை சொன்னார். ஸ்கேல் சிரித்தார். முப்பத்தோரு வருடத்தில் எதையும் இரண்டாவது தடவை அளந்தவரல்ல அவர். காகிதத்துக்கு மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம் என்று கிடையாதே! ஓரிடத்தில் அளந்தால் எல்லா இடத்திலும் அளந்த மாதிரிதான் என்பது அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. “என் அளவு தப்பாதும்மா” என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பலகை காய்ந்து, இழைத்து, எண்ணெய் குடித்து மேஜையாக நாலு மாதம் பிடித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு, ஒரு தடவை அரை டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார். “சார், இது பலகை சார். ஆஸ்பத்திரியில படுத்திருக்கற ஆளில்ல” என்று பட்டறை அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஆரஞ்சு வீணாகவில்லை. பட்டறையில் எல்லோரும் தின்றார்கள்.

மேஜை வீட்டுக்கு வந்த அன்று ஸ்கேல் புதுச்சட்டை போட்டிருந்தார். நாலு பேர் தூக்கிவந்து கூடத்தில் இறக்கினார்கள். அழகென்றால் அப்படியோர் அழகு. ஜன்னல் வெளிச்சம் பட்டு அந்த நெளிந்த ஓரம் தேன் நிறத்தில் மின்னியது. மனைவிகூட, “பரவாயில்லையே” என்று சொல்லிவிட்டு, புடவையை மாற்றப் படுக்கையறைக்குப் போனாள். போகப் பார்த்தாள் என்பதே சரி. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. ஒரு சாண் திறந்தது, மேஜையின் வயிற்றில் டங்கென்று முட்டியது, நின்றது.

“என்னங்க, இது திறக்கல.”

“திறக்கும். மெல்ல இழு.”

“மெல்லவும் இழுத்தாச்சு, வேகமாவும் இழுத்தாச்சு.”

மேஜையோடு கூடவே வந்திருந்த பட்டறை அம்மா டேப்பை எடுத்து வயிற்றுப் பக்கம் வைத்தார். முப்பத்தெட்டு. ஸ்கேலின் முகம் வெளுத்துப்போனது. வாழ்க்கையில் முதல் தப்பு, அதுவும் எட்டு அங்குலத்துக்கு! மேஜையைத் திருப்பிப் போட்டார்கள்; சமையலறைக்குப் போக ஒருக்களிக்க வேண்டியிருந்தது. சோபாவைத் தள்ளப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் சுவர். கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டலாமா என்றால், உள்ளே அடைத்துக்கொண்டு பீரோ. மாற்றுப்புடவை அத்தனையும் அந்த பீரோவில்தான் இருந்தது.

“நான் இங்கேயே நிக்கறேன். எனக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. உயராதபோதுதான் அவருக்குப் பயம் அதிகம்.

“ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்” என்றார் பட்டறை அம்மா. “இந்த வயித்தை எட்டு அங்குலம் எடுத்துடலாம். பத்து நிமிஷ வேலை. கோடு மட்டும் போட்டுக் கொடுங்க.”

கோடு போடுவதற்கு அவரைவிட ஆள் யார்? காதிலிருந்து பென்சிலை எடுத்தார், குனிந்தார், ஸ்கேல் வைக்காமலே ஒரே இழுப்பில் இழுத்தார். இம்மி பிசகாத கோடு. தூக்கி வந்தவர்களில் ஒருவர் விசிலடித்தார். பட்டறை அம்மா கையோடு கொண்டுவந்திருந்த ரம்பத்தை மின்சாரத்தில் மாட்டி ஒருமுறை சுற்றவிட்டார். அது வீறிட்டது.

“நிறுத்துங்கம்மா.”

ரம்பம் நின்றது. ஸ்கேல் தன் சட்டை முனையால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தார். புதுச்சட்டை.

“காலையில எட்டு மணிக்கு வெட்ட ஆரம்பிக்கறேன். சாயங்காலம் வரைக்கும் வெட்டறேன். வீட்டுக்கு வந்தும் வெட்டறேன்” என்றார் மனைவியிடம். “இது ஒண்ணாவது அதுபாட்டுக்கு இருக்கட்டுமே. கதவை வெட்டிக்கலாம்.”

“எதை?”

“கதவை. முழுசா இல்ல. மேஜை உயரத்துல ஒரு பிளவு. கதவைத் திறந்தா வயிறு அதுக்குள்ள போயிடும்.”

அந்த மனிதர் தனக்கென்று எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. இப்போது கேட்டது இவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கவேண்டுமா என்றுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு சிரிப்பும் வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கதவில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கறாராகச் சொன்னாள்: “இந்த தடவை எல்லா இடத்துலயும் அளங்க.”

அவர் ஏழு இடத்தில் அளந்தார். மேஜை உயரத்தில், கதவின் விளிம்பிலிருந்து உள்ளே ஒன்பதரை அங்குலத்துக்கு, நாலு விரல் அகலத்தில், ஒரு பிளவு விழுந்தது. கதவைத் திறந்தால் மேஜையின் வயிறு அதற்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மேஜையைவிட அந்தக் கதவைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். கதவு மூடியிருக்கும்போது கட்டிலில் படுத்திருப்பவருக்குப் பிளவு வழியாக மேஜையின் ஓரம் தெரியும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதற்காகவே ஸ்கேல் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து கதவோரத்துக்கு மாற்றிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். மனைவி மேஜையில் உட்கார்ந்து, கைப்பேசியில் தங்கையோடு பேசியபடி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கதவுப் பிளவிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. மேஜையின் வயிற்றைத் தேடிப் பிடித்து, வளைவோடு போய், வளைவோடு திரும்பியது. மறுபடியும் போகப் பார்த்த இடத்தில் பட்டாணிக் கிண்ணம் இருந்தது. அவள் தங்கையிடம் பேச்சை நிறுத்தவில்லை, அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. கிண்ணத்தை மட்டும் ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.