சங்கு ஊதி ஓட்டிய இரண்டு சூப்பர்சார்ஜர்கள்

ஒரே மாதிரி கார் இரண்டு. என்னுடையதில் ஒரு சூப்பர்சார்ஜர் கிட், நண்பன் செந்திலுடையதில் வேறொன்று. எது உசத்தி என்று கோவையில் ஒரு வருஷமாக எங்களுக்குள் வாய்ச்சண்டை. விஷயம் தெரியாதவர்களுக்கு: எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துத் தள்ளுகிற சாதனம் அது. அவனுடையது எஞ்சின் தலைமேல் உட்கார்ந்து, மிதித்த உடனே உதைக்கும். என்னுடையது நத்தைக்கூடு வடிவம். வேகம் ஏற ஏறத்தான் வேலையைக் காட்டும். "மலை மேல காத்தே கம்மிடா, அங்க வெச்சுப் பாத்துருவோம்" என்றான் செந்தில்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை நாலரைக்குக் கிளம்பினோம். குன்னூர் வழியாகக் குந்தா பக்கம், சுமார் நூறு கிலோமீட்டர். பர்லியாறு தாண்டி வெளிச்சம் வந்தபோது பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கிடந்தது. காரை ஓரங்கட்டி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அடேயப்பா!

போய்ச் சேர்ந்தது செந்திலின் உறவினர் ஒருவருடைய எஸ்டேட். தேயிலை விலை விழுந்ததில் ஃபேக்டரியை மூடி மாதக்கணக்காகிறது. அதன் முன்னால் லாரிகளுக்காகப் போட்ட நேர் ரோடு சும்மா கிடக்கிறது. அனுமதி வாங்கியிருந்தோம். ஓட இருநூறு மீட்டர், நிற்க இன்னொரு இருநூறு. நீலகிரியில் இப்படியொரு நேர் ரோடு அமைவதே அதிசயம்.

மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரிசை; அதன் வாசலில் ஒரு ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாமான் மல்லிகா அக்காவுடையது; இருபது வருஷமாக இங்கே கொழுந்து பறித்தவர். எங்களுக்கு வரக்காப்பி கொடுத்தார்.

"எங்கீங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"திருப்பூருக்குத் தம்பி, பனியன் கம்பெனிக்கு. மத்தியானம் பஸ்ஸு. அதுக்குள்ள ஃபேக்டரி தெறந்து சங்கு ஊதுனா சாமானை எறக்கிருவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் கீழே இறங்கியபோது செந்தில் இரண்டு காரையும் கோட்டில் நிறுத்தியிருந்தான். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. ரோட்டோரம் ஃபேக்டரி வாட்ச்மேன் ஆட்டிய கொடி தெரியவில்லை; கத்தினால் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. செந்தில் போய் வாட்ச்மேனிடம் ஏதோ பேசிவிட்டு வந்து, "சத்தம் கேட்டதும் கெளம்பு" என்று காரில் ஏறினான். கிளட்சை அழுத்திக் காத்திருந்தேன். மலையே அதிரும்படி சங்கு ஊதியது.

இரண்டு காரும் அலறிக்கொண்டு பாய்ந்தன. ஈர ரோட்டில் அவன் டயர்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. என்னுடையது பிடித்துக்கொண்டு போனது. பெல்ட்டின் கீச்சொலி ஏறி ஏறிக் காதைத் துளைக்க, உடம்பு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கார்களில் வைத்திருந்த டைமரில் எனக்கு 9.2 நொடி, அவனுக்கு 9.7. கோவையில் எப்போதும் ஜெயிப்பவன் அவன்தான். ஜன்னல் வழியே தலையை நீட்டி ஊளையிட்டேன்.

பனிக்குள்ளேயே கால் மணி நேரம் வாதாடிவிட்டுத் திரும்பி வரும்போது பனி விலகியது. சரிவு முழுக்கப் பெண்கள். முதுகில் கூடை, நனையாமலிருக்க இடுப்பில் படுதா கட்டி, தேயிலைப் புதர்களுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நாற்பது பேராவது இருக்கும். அப்படியொரு காட்சியை நான் பார்த்ததில்லை. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எஞ்சினை அணைத்தேன்.

முன்னால் மல்லிகா அக்கா. மூச்சு வாங்கியது. "தெறந்தாச்சுங்களா தம்பி?"

செந்தில் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் சொன்னேன்: "இல்லீங்கக்கா. காரு ஓட்டறதுக்கு ஊதுனது."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மல்லிகா அக்கா மூடிய கதவைப் பார்த்தார், எங்கள் கார்களைப் பார்த்தார். "சாமானெல்லாம் எறக்கி வெச்சுட்டு ஓடியாந்தேன்" என்றார். பிறகு கூடையைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்தார். "இது இங்கயே கெடக்கட்டுங்ணா. நெசமா ஊதுறப்ப போன் போடுங்க." நாங்கள் அதற்குமேல் ஓட்டவில்லை. சாமானைத் திரும்ப ஜீப்பில் ஏற்ற ஒத்தாசை செய்தோம்.

போகிறவர்களுக்கு: நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூரிலேயே பெட்ரோல் நிரப்புங்கள். ஈர ரோடென்றால் நத்தைக்கூடு கிட்தான் சரி. காய்ந்த ரோட்டில் மற்றது. எஸ்டேட் ரோடானால் உரியவரிடம் கேட்காமல் நுழையாதீர்கள். மூடுபனி இறங்கினால், எவ்வளவு நேரமானாலும் அது விலகும்வரை உட்கார்ந்திருங்கள். அந்தச் சங்கை மட்டும் தொடாதீர்கள்.