கப்பல் மூழ்கினால் ஸ்பெல்லிங் தப்பு

பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுப்பது பழைய தொழில். அதையே கம்ப்யூட்டர் வைத்துச் சொல்லிக்கொடுப்பது புதிய தொழில். இரண்டிலும் திட்டு வாங்குகிறவன் மட்டும் ஒரே ஆள். வீட்டில் பிள்ளையை உட்காரவைத்து ஸ்பெல்லிங் கேட்டுத் தொண்டை வற்றியவர்களுக்கு நான் படும் பாடு புரியும். பட்டாளத்தில் கட்டாயத் தேசிய சேவையை முடித்த கையோடு ஜாலான் புசார் சாலையில், ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் டியூஷன் நடத்தும் முத்தையா அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

எறும்புக்குக் கேட்கும் குரல்

முதலில் பழைய முறைதான். நான் சொல்லைப் படிப்பேன், பிள்ளைகள் எழுதும். என் குரல் பிறவியிலேயே சின்னது. கீழே கடையில் இரும்புக் குழாய் அறுக்க ஆரம்பித்தால் முன்வரிசைக்கே எட்டாது. பாதிப் பிள்ளைகள் என் வாயைப் பார்த்து எழுதும். மீதிப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும்.

அண்ணன் ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே இரண்டு கம்ப்யூட்டர்கள் படியேறி வந்தன. அவற்றைத் தட்டிக்கொடுத்தபடியே அண்ணன் சொன்னார்: "தம்பி, நீ படிச்சா எறும்புக்குத்தான் கேக்கும். இனிமே இது காட்டட்டும், நீ சும்மா பக்கத்துல நில்லு லா."

பாய் எண்ணிய சத்தம்

புரோகிராமை நானே எழுதினேன். திரையில் ஒரு சொல் வரும், மறையும். பிள்ளை அதை நினைவிலிருந்து அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் 'வெரி குட்' என்று எழுத்து வரும். தப்பாக அடித்தால் ஒரு கப்பல் 'டுர்ர்ர்' என்று இரைந்துகொண்டு மூழ்கும். பயந்தாவது திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஹார்ட்வேர் கடை பாயின் மகள் நஸீமா மூன்றாம் வகுப்பு. வருஷக் கடைசிப் பரீட்சையில் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். அதில் சறுக்கினால் ஆறு வருஷத் தொடக்கப்பள்ளி எட்டு வருஷமாகிவிடும். பள்ளிக்கூட ஸ்பெல்லிங்கிலேயே தடுமாறுகிற பிள்ளை, எங்களிடம் வந்தும் ஒரு கப்பலைக்கூடக் கரைசேர்க்கவில்லை. அந்தச் சத்தம் மரத்தரை வழியே கீழே கேட்கும். பாய் ஆணியை நிறுத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் நான் இறங்கினால் வழிமறித்துக்கொள்வார்: "தம்பி, இன்னைக்கும் கேட்டேன். எம்மக ஹார்பரையே காலி பண்ணிட்டா போலிருக்கே?"

டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூஜை வந்தது. அண்ணன் பக்திமான். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், புரோகிராம் இருந்த டிஸ்க்கை மட்டும் விடுவாரா? உறையில் காந்தத்தகடு தெரிகிற ஓட்டை இருக்கிறதே, பொட்டு வைக்க அளவெடுத்த மாதிரி இடம். கட்டைவிரலால் அழுத்தியே வைத்துவிட்டார். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நகலுக்கும் வைத்திருந்தார்.

புரோகிராம் போயிற்று. பரீட்சை நெருங்குகிறது. மறுபடி முதலிலிருந்து எழுத உட்கார்ந்தபோது, எதெல்லாம் வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "கப்பல்!" என்றார்கள். "சரி, கப்பலை மூழ்கவிடாமல் அடிக்க வேண்டாமா?" என்று நஸீமாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "சரியா அடிச்சா வெறும் எழுத்துதான் சார் வருது. தப்பா அடிச்சாத்தானே படம் காட்டுறீங்க!"

தலைகீழ்

அன்றே எல்லாவற்றையும் புரட்டிப்போட்டேன். இனி சரியாக அடித்தால்தான் கப்பல் மூழ்கும். தப்பு என்றால் திரை கல் மாதிரி சும்மா நிற்கும். சின்னச் சொல்லுக்குத் தோணி, நீளமான சொல்லுக்கு எண்ணெய்க் கப்பல். முதல் நாள் நஸீமாவுக்குத் தோணிதான் வசப்பட்டது. எண்ணெய்க் கப்பல் மேல் ஆசை வந்துவிடவே, நீளமான சொற்களை வீட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, 'டுர்ர்ர்' சத்தம் நிற்கவே இல்லை. வகுப்பு பாதி நடக்கும்போதே பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "எல்லாமே தப்பா தம்பி? இனி பரீட்சைக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்?" என்றார். முகம் வெளிறியிருந்தது. பரீட்சைக் கவலையில், கப்பலைத் தலைகீழாக்கிய விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே மறந்திருந்தேன். வாயைத் திறந்தேன், வழக்கம்போல் யாருக்கும் கேட்கவில்லை. நஸீமா திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கப்பலை மூழ்கடித்துவிட்டுச் சொன்னாள்: "அத்தா, அது சரின்னு அர்த்தம். தள்ளி நில்லுங்க, அடுத்தது எண்ணெய்க் கப்பல்."

ஆறு வருஷம்

முடிவு வந்த அன்று பாய் ஒவ்வொரு படியாக ஏறவில்லை, தாவித்தான் வந்தார். நஸீமா ஆறு வருஷப் பிரிவுக்கே போகிறாள். பாய் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார், என் முதுகில் ஒன்று வைத்தார். நானும் சந்தோஷத்தில் கத்தினேன். யாருக்கும் கேட்டிருக்காது. பிறகுதான் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்ற அவருடைய சின்ன மகனைப் பார்த்தேன். பாய் அவனைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார்: "இந்தாங்க, அடுத்தவன். இவன் அவளவிட மோசம். கப்பல் பத்தாது தம்பி, ஒரு ஏரோப்ளேன் ஏதாச்சும் போடுங்க!"

நாங்கள் பிள்ளைகளின் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறோம், பிள்ளைகள் எங்கள் பிழையை இலவசமாகவே திருத்திவிட்டுப் போகிறார்கள்.