பிலிமத்தலாவைக்கு வந்த தோணிக்கயிறு

ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிற ஆஸியா உம்மா யாரையும் முதல் தடவையில் நம்பியதில்லை. பிள்ளை பெறப்போகிற பெண், வலி இப்போதுதான் தொடங்கியது என்று சொன்னால் அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள், கால்விரல்கள் மடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பாள். கடுகண்ணாவை ஏற்றம்வரை ரோட்டோரத்துக் கூலிக் கொட்டகைகளில் பேதி கண்டு விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, துணி மாற்றி, பிழைக்காதவர்களின் கண்ணை மூடிவிட்டு வந்த பழக்கம் அது. நோயாளி வாய் எதையாவது சொல்லும், உடம்பு பொய் சொல்லாது என்பது அவளுடைய கணக்கு.

அவள் கணவர் உதுமா லெப்பை தவளக்காரர். முதுகில் பொதி சுமக்கும் பதினான்கு மாடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டைகளை இறக்குவார். அந்தப் பக்கம் கரத்தை, அதாவது மாட்டுவண்டி, போக ரோடு வெட்டியதும் தோட்டத்துத் துரைமார் கரத்தைக்காரர்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். உதுமா லெப்பைக்கு ஒரு கரத்தை வாங்க வழியிருந்தது. ஆனால் மாட்டை நுகத்தில் பூட்டி இழுக்கவிடுவது அவருக்குத் தன்னையே பூட்டுவது போலப்பட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் பாவா மரைக்கார் வந்து சேர்ந்தார். கீழக்கரைக்காரர், கொழும்பில் கடை வைத்திருந்தவர். அவரிடம் முப்பது வருடத்துப் பாய்த்தோணி ஒன்று விற்பனைக்கு இருந்தது. பின்பக்கம் குடும்பம் தங்க அறை, அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய். முன்பக்கம் சரக்கு. கற்பிட்டியில் உப்பும் கருவாடும் ஏற்றலாம், கடல் தாண்டி இந்தியக் கரையில் அரிசி எடுக்கலாம், வீட்டையும் கூடவே கொண்டு போகலாம். வீடு என்பது உதுமா லெப்பை, ஆஸியா உம்மா, மூன்று பெண்பிள்ளைகள், அவருடைய கைம்பெண் தங்கை செய்னம்பு என்று ஆறு பேர். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

கண்டிக்கு ரயில் வந்து மூன்றாவது வருடம் அது. உதுமா லெப்பை பேராதனையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், தோணியைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"அடித்தட்டில பாய் விரிச்சிப் படுத்துப் பாத்த. முதுகு நனையல்ல ஆஸியா."

"ஆரு தொடச்சி வெச்ச?"

"என்ன?"

"தண்ணீல நிக்கிற மரம். கிழட்டு மரம். நீங்க வாறது மரைக்காருக்குத் தெரியும். ஆரு தொடச்சி வெச்ச எண்டு கேட்ட."

"ஒனக்குத் தேன் குடுத்தாலும் ஈ ஏன் மொய்க்கல்ல எண்டு கேப்பாய்."

"கேக்கத்தானே வேணும்."

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. கொழும்பிலேயே துண்டுக்குள் கைவிட்டு விரல்பிடித்து விலை பேசி முடித்துவிட்டார். மாட்டு வியாபாரத்தில் விரல் பிடித்தால் பேச்சு முடிந்த மாதிரி. விற்பவன் கயிற்றை வாங்குபவன் கையில் கொடுத்துவிட்டால் மாடும் மாறியது, அப்புறம் நொண்டி என்றோ குருடு என்றோ திருப்பிக் கொடுக்க முடியாது. தோணிக்கும் அதே முறையைத்தான் அவர் கேட்டிருந்தார். மரைக்கார் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சம்மதித்தார் என்று அவர் பெருமையாகச் சொன்னபோது ஆஸியா உம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கடல்காரன் ஏன் இவ்வளவு சுலபமாக மாட்டுக்காரன் வழக்கத்துக்கு இணங்கவேண்டும்?

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பிலிமத்தலாவை வீட்டு முற்றத்தில் கயிறு கைமாறும். சனிக்கிழமை கம்பளையிலிருந்து மாடு வாங்குகிறவர்கள் வருவார்கள். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்துக்கு அந்தத் தோணியைத் தவிர வேறொன்றும் இராது.

புதன்கிழமை தோணியின் நங்கூரக் கயிறும் புதுப் பாய்ச்சீலையும் வந்தன. கூடவே, தோணியைப் பற்றிச் சொல்வதற்கென்று மரைக்கார் அனுப்பிய இருளப்பன் என்ற கடலோடியும் வந்தான். தொண்டிப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். மலைக்குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கயிற்றை இறக்கி வைத்த கையோடு காய்ச்சலில் விழுந்தான்.

ஆஸியா உம்மா அவனை மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறையில் படுக்கவைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். புதுப் பாயை விரித்துப் பார்த்தாள். நல்ல பாய், ஒரு தையல் தவறில்லை. கிழட்டு மாட்டுக்குப் புதுச் சலங்கை கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை வேர்வை துடைக்கப் போனவள் போர்வையைக் கால்பக்கம் விலக்கினாள். விலக்கியவள் அப்படியே குந்தி உட்கார்ந்தாள்.

உள்ளங்கால்கள் வெள்ளையாக ஊறிப்போயிருந்தன. விரலிடுக்குகள் வெடித்து அழுகியிருந்தன. நகங்கள் நனைந்த ஓலை மாதிரி வளைந்தன. கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் கறுத்துக் காய்ந்த கடலோடித் தோல், கீழே வெளிறிப்போன வேறு தோல். அவள் தன் விரல்களை வைத்து அளந்தாள். இரண்டு காலிலும் ஒரே அளவு.

"இருளப்பா, தோணியில தண்ணி ஏறுறயா?"

"ஒரு சொட்டு ஏறாதுங்கம்மா." பாடமாக்கிய பதில் டக்கென்று வந்தது.

அவள் அதை விட்டுவிட்டாள். "காய்ச்சக்காரனுக்குத் தூக்கம் வேணும். அங்க ஒரே மூச்சில எவ்வளவு நேரம் தூங்குவாய்?"

"அரைச் சாமம் தூங்குவேம்மா. அப்புறம் எழுப்பிருவாக."

"கடல்ல போகக்கொள்ளயா?"

"துறையில கட்டிக் கெடக்குறப்பவும் அப்படித்தேன்."

"என்னத்துக்கு எழுப்புற?"

இருளப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. "காச்சல்ல பொலம்புறவன்ட பேச்ச நம்பியா நான் விரல் புடிச்சத மாத்துற?"

"அவன்ட பேச்ச நானும் நம்பல்ல. காலப் பாருங்கொ."

"எனக்கு வேலை ஈக்கி."

ஆஸியா உம்மா மேற்கொண்டு வாதாடவில்லை. தானாகக் கண்டுபிடித்ததைத்தான் அவர் நம்புவார் என்பது இருபது வருடத்தில் அவளுக்குத் தெரியும். வெயில் வந்ததும் இருளப்பனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, மாடுகள் கட்டியிருந்த இடத்தருகே முக்காலியில் உட்காரவைத்தாள். கால்களை வெந்நீரில் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, ஒரு சாக்கின்மேல் நீட்டிவைத்துவிட்டு உள்ளே போனாள்.

உதுமா லெப்பை மாடுகளின் குளம்புகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வரிசையில் வந்தார். தவளக்காரர் கண் நிலத்தில் ஊன்றுகிற எதையும் பார்க்காமல் தாண்டாது. ஒன்பதாவது மாட்டைப் பார்த்து முடித்து நிமிர்ந்தவர் இருளப்பனின் கால்களைக் கண்டார். முதலில் தாண்டினார், பிறகு திரும்பி வந்தார். குனிந்து ஒரு விரலிடுக்கைப் பிரித்தார். மாட்டுக்குச் செய்வதுபோலவே கட்டைவிரலால் அழுத்திவிட்டு முகர்ந்தார்.

"எத்தன மாசமா தண்ணீல நிக்கிற நீ?"

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "வருசமாச்சு மொதலாளி. நானும் இன்னொருத்தனும் மாத்தி மாத்தி எறைப்போம். நீங்க வந்த அன்னிக்கு நாலு பேரு எறைச்சோம்."

உதுமா லெப்பை எழுந்தார். தன் வாழ்நாளில் குளம்பழுகல் கண்ட மாட்டை அவர் அடித்ததுமில்லை, விற்றதுமில்லை, கொட்டிலைத்தான் மாற்றியிருக்கிறார். வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். "இது கொட்டில் பிழை" என்றார், தான்தான் முதலில் கண்டதுபோல.

"அப்பிடியா?" என்றாள் ஆஸியா உம்மா.

வெள்ளிக்கிழமை பாவா மரைக்கார் பளபளக்கும் செருப்போடு வந்தார். சாட்சிக்கு அயலவர் இருவர். மரைக்கார் கயிற்று நுனியை இரண்டு கையிலும் ஏந்தி, "பிஸ்மில்லாஹ், புடிங்க காக்கா" என்று அண்ணன் முறைசொல்லி நீட்டினார்.

உதுமா லெப்பையின் கை நீளவில்லை. ஆனால் விரல் பிடித்த வெட்கம் அவர் வாயையும் அடைத்தது. மரைக்கார் ஒரு அடி முன்னால் வைத்து, கயிற்றை அவர் தோளில் போடப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆஸியா உம்மா கேட்டாள்: "மரைக்கார், நீங்க ஊருக்குப் போனா எதில போற?"

"என்ன லாத்தா கேக்கிறீங்க?"

"ஒங்கட தோணி நல்ல தோணி. முப்பது வருசமா ஈக்கி. கடைசியா நோம்புப் பெருநாளைக்கு ஊருக்கு எதில போன?"

மரைக்கார் கயிற்றைச் சற்றுத் தாழ்த்தினார். "அவசர வேல இருந்திச்சு. புகைக்கப்பல்ல போனேன்."

"அதுக்கு முந்தின பெருநாளைக்கு?"

அயலவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். உதுமா லெப்பைக்கு அதோடு குரல் வந்தது. "கயிறக் கீழ வைங்கொ, மரைக்கார். விரல் புடிச்சது என்ட பிழை. தண்டம் கேட்டா ஒரு கன்றுக்குட்டி தாறேன். ஆறு உசிரத் தாறல்ல."

மரைக்கார் கன்றுக்குட்டியை வாங்கிக்கொண்டுதான் போனார். பாயையும் கயிற்றையும் மறுநாளே ரயிலில் கொழும்புக்கு இறக்கிக்கொண்டார். இருளப்பன் இறங்கவில்லை. கால் ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு மாட்டுக்குப் புல் அறுக்கிறேன் என்று இருந்துவிட்டான். அவனையும் ஆஸியா உம்மா உடனே நம்பிவிடவில்லை, புல்கட்டின் நடுவில் கைவிட்டுப் பார்ப்பாள்.

மாடுகளில் எட்டை விற்று உதுமா லெப்பை ஒரு கரத்தை வாங்கினார். முதல் நாள் முகத்தை மறைத்துத் துண்டு போட்டுக்கொண்டு ஓட்டினார். மூன்றாம் மாதம் துண்டை எடுத்துவிட்டார்.

நான்கு வருடம் கழித்துக் கண்டிக் கடைத்தெருவில் பாவா மரைக்கார் கணவன் மனைவி இருவரையும் கண்டார். அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

"லாத்தா, ஒங்களுக்கு ஒரு சேதி. அந்தத் தோணிய புத்தளத்து ஆள் வாங்கினார். இன்னக்கி வரைக்கும் உப்பு ஏத்திக்கிட்டு ஓடுது. மூழ்கல்ல!"

உதுமா லெப்பை தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். நான்கு வருடமாகத் துரைமாருக்குக் கரத்தை ஓட்டியவரின் பார்வை அது.

"மாஷா அல்லாஹ்" என்றாள் ஆஸியா உம்மா. "எறைக்கிறது ஆரு?"

மரைக்கார் கருவாட்டு விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.