சாலோமி மீறிய சத்தியம்

பாளையங்கோட்டையில் சாலோமியைப் போல வாய் இறுகிய பெண் கிடையாது. மிஷனில் அவளுக்கு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்து ஜெபிக்கிற வேலை. எந்த வீட்டில் எதைக் கேட்டாலும் அங்கேயே விட்டுவிட்டு வருவாள். மற்றவர்கள் அப்படியா? பக்கத்து வீட்டு ரகசியத்தை ஊருக்குச் சொல்ல ஆசை வந்தால், புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "இன்ன சகோதரிக்காகப் பாரத்தோட ஜெபியுங்க" என்பார்கள். புறணிக்கும் ஆமென் போட்டு முடித்துவிடுவார்கள்.

ஆனால் அவளிடமும் ஒரு பாழாய்ப்போன பழக்கம் இருந்தது. விஷயம் என்னவென்று கேட்கும் முன்பே வேதப்புத்தகத்தில் கைவைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிடுவாள். அப்போதுதான் பெண்கள் வாய் திறந்தார்கள்.

வாத்தியார் தானியேலின் மனைவி இன்பமணி, கைக்குழந்தையைப் பேதிக்குப் பறிகொடுத்தவள். நீ ஒழுங்காகப் பார்த்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று புருஷன் தினமும் குத்திக்கொண்டிருந்தான். அவளும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"எனக்கு உசிரோட இருக்கப் பிடிக்கலக்கா. சீக்கிரம் முடிச்சுக்கிடப் போறேன்."

கேட்கும் முன்பே சத்தியம் செய்துவிட்டோமே என்று சாலோமிக்குத் தன் மேலேயே எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. இன்பமணியைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து மகளுக்குத் துணையாக அரிசி புடைக்க உட்காரவைத்துவிட்டு, குருவானவரிடம் ஓடினாள். பேரைச் சொல்லாமல் யோசனை கேட்டாள்.

"கூட்டத்துல பேரச் சொல்லு. சபையே ஜெபிக்கட்டும்."

"நல்ல யோசனதான், ஐயா. அப்புறம் அவ தெருவுல தலகாட்ட முடியுமா?" என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்து, இன்பமணியிடம் நேராகவே சொன்னாள்.

"ஏட்டி, நா ஒரே ஒராள்ட்ட சொல்லத்தான் போறேன். யார்ட்டன்னு நீயே சொல்லு."

"வேதத்துல கைவச்சியளே."

"வச்சேன். ஆண்டவர்ட்ட நா பதில் சொல்லிக்கிடுதேன்."

இன்பமணி அழுதாள், ஏசினாள். கடைசியில், சேரன்மாதேவியில் இருக்கும் அக்கா கிரேஸ் பேரைச் சொன்னாள். அங்கே ரயில் விட்ட புதிது. மறுநாள் சாலோமியே அதில் கூட்டிக்கொண்டு போய், கிரேஸிடம் உள்ளதைச் சொல்லி, "தனியா மட்டும் விட்றாதீய" என்று ஒப்படைத்தாள். தானியேல் வந்து கத்தியதற்கு, "கொஞ்சநாள் அக்கா வீட்டுல இருக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இன்பமணி தேறித் திரும்பி வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? சாலோமி சத்தியம் மீறியவள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சாலோமி, "உசிருக்கு ஆபத்துன்னா மட்டும் ஒருத்தர்ட்ட சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் சொல்லவே வேண்டாம் என்று, பெண்கள் அவளை வேதம் வாசிக்க மட்டும் விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இன்பமணி முறைத்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டிருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை.

"எப்படி முறைச்சுட்டுப் போறா பாத்தியாம்மா?"

"முறைக்கட்டும்" என்றாள் சாலோமி. "முறைக்கதுக்கு ஆளு இருக்கால்ல."