அண்ணாச்சியின் தண்ணீர்த் தொட்டி

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம். கராச்சர்மாவில் குடியிருந்த வீட்டை நினைத்தால் அதுதான் முதலில் காதில் விழுகிறது. சத்தம் வந்த கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தண்ணீர் மேலே ஏறி, படியைத் தாண்டி, வீட்டுக்குள் நகர்ந்து வரும். கப்பலின் பங்க் வகுப்பில் அடுத்தவர் வாந்திக்கு நடுவே படுத்து இந்தத் தீவுக்கு வந்தவன் நான். சௌல்தாரியில் மாட்டுக் கொட்டகை ஓரம் தங்கிப் பாக்கு உரித்திருக்கிறேன். அசிங்கம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மழைக்காலத்தில் மனைவி பிள்ளை பெற்று வந்திருந்தாள். கைக்குழந்தை கிடந்த கட்டிலின் காலருகே அந்தத் தண்ணீர் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கக்கூஸ் தொட்டி உறிஞ்சும் டேங்கர்காரனுக்குப் போன் போட்டேன். "பாரிஷ் ருக்னே தோ, பாய்" என்றான். மழை நின்றால்தான் வருவானாம். அது நிற்கிற மழையாகத் தெரியவில்லை.

மாடியில் வீட்டுக்கார அண்ணாச்சி இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ரோடு கன்ட்ராக்டராக இருந்து ஓய்ந்தவர். கோடையில் இங்கே குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். பால்டியும் குடமுமாகக் காத்து நின்ற காலம் அவரை விட்டுப் போகவே இல்லை. முற்றத்தில் நிலத்தடித் தொட்டி கட்டி, கூரைத் தண்ணீர் முழுவதையும் அதில் இறக்கியிருந்தார். எல்லோருக்கும் குடிக்க, குளிக்க அதுதான். தொட்டி நிறைந்து வழிவதுகூட வீணாகக் கூடாது என்று, வழியும் குழாயைக் கக்கூஸ் சேம்பரில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டுவார். "பாத்தியாலே, மிஞ்சுன தண்ணி கக்கூஸ் லைனக் கழுவிரும். மெயின்லேண்ட் இஞ்சினீயருக்கும் இது தோணாது."

சேம்பர் முட்டி நின்ற அன்று அந்தக் குழாயைப் பார்த்ததும் அண்ணாச்சியை மாடியிலிருந்து முற்றத்துக்குக் கூப்பிட்டேன். நல்ல தண்ணீர் போன வழியிலேயே கக்கூஸ் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வர என்ன தடை?

"அண்ணாச்சி, சேம்பர் தண்ணி உங்க குழாய் வழியா தொட்டிக்குள்ள வருது. தொட்டியக் காலி பண்ணணும்."

"என்னலே பேசுத? தண்ணி மேலருந்து கீழதான் போவும்."

"கீழ எடம் இருந்தாத்தானே போவும்?"

"காலி பண்ணிட்டு? நாளைக்கு மழை நின்னுட்டுன்னா, ஒம் மாமனாரா கப்பல்ல தண்ணி அனுப்புவாரு?"

குழந்தையைத் தோளில் போட்டபடி மனைவி வெளியே வந்தாள். கையில் ஒரு டம்ளர். "எங்கப்பா அனுப்ப வேணாம் அண்ணாச்சி. தொட்டித் தண்ணிய இதுல மொண்டு நீங்க ஒரு வாய் குடிங்க. நான் பிள்ளைய இதே தண்ணியில குளிப்பாட்டுறேன்."

இப்போது திக்லிபூரில் இருக்கிறேன். இடையில் எத்தனையோ வீடு மாறியாயிற்று. வீடு பார்க்கப் போனால் காற்று வருமா, வெளிச்சம் உண்டா என்று கேட்பதில்லை. தொட்டி வழிந்தால் எங்கே போகும் என்றுதான் கேட்கிறேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. வானம் கொட்டிக்கொண்டிருக்க, கால் கழுவ நல்ல தண்ணீர் இல்லாமல் எங்களை நிறுத்தியவர் அவர்.

அன்று அவர் டம்ளரை வெடுக்கென்று வாங்கி, குனிந்து தொட்டியில் மொண்டார். வாயருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீரின் நிறத்தில் எதுவும் தெரியவில்லை; நாற்றம்தான் எட்டியிருக்க வேண்டும்.

"மோட்டாரப் போடு" என்றார், எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல்.

சேம்பருக்குப் போகும் குழாய் வாயில் சாக்கைத் திணித்து அடைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். ஒரு கோடைக்கென்று அவர் சேர்த்தது சரிவில் இறங்கிச் சாக்கடைக்கு ஓடியது. அண்ணாச்சி டம்ளரில் இருந்ததைக் குடிக்கவும் இல்லை, கீழே கொட்டவும் இல்லை. மழை டம்ளருக்குள் விழுந்து நிரப்பி, விளிம்பு வழிந்து கையை நனைக்க, தொட்டியில் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.